வீட்டுக்குள் போடும் செருப்பு

போன வாரம் மகனுக்குச் சட்டை எடுக்கப் பெரம்பலூரில் ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தோம். அவன் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணிக்கடைக்குள் நுழைந்தால் என் கண் அலமாரிக்குப் போவதில்லை, இது வெகுநாள் பழக்கம். அன்றைக்கும் கவுண்டர் ஓரத்தில் ஒரு குண்டூசி கிடந்தது. குனிந்து எடுத்துத் துப்பட்டா நுனியில் குத்திக்கொண்டேன். மகன் வழக்கம்போல, வேறு யாரோடோ வந்தவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். சட்டை காட்டிக்கொண்டிருந்த பெண், "விடுங்கக்கா, நாங்க கூட்டிக்குவோம்" என்றாள். அவள் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பு போட்டிருந்தாள். கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று இப்போது சட்டமே வந்துவிட்டதல்லவா? அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு குற்றவாளியைப் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

புதுத் துணிக்கு ஒரு வாசனை உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். கஞ்சியும் சாயமும் பிளாஸ்டிக் உறையும் கலந்த வாசனை. மற்றவர்களுக்கு அது தீபாவளியையும் பொங்கலையும் ஞாபகப்படுத்தும். எனக்கு அரியலூர் கடைத்தெருவில் நான் இரண்டரை வருஷம் பில் போட்ட ஜவுளிக்கடையைத்தான் ஞாபகப்படுத்துகிறது. கடையின் பெயர் வேண்டாம். இப்போது அந்தக் கடையும் இல்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.காம். முடித்த கையோடு வேலை. கடையில் பெண்கள் பதினோரு பேர். பத்துப் பேர் காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். பதினோராவது ஆளான எனக்கு மட்டும் நாற்காலி, அதுவும் சக்கரம் வைத்தது. கம்ப்யூட்டரில் பில் போடுகிறவள் நின்றுகொண்டு போட முடியாது என்று முதலாளி கண்டுபிடித்திருந்தார். யாரும் கடைக்குள் செருப்பு போடக் கூடாது. துணி லட்சுமியாம். வாடிக்கையாளர்களே வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருவார்கள், நாங்கள் எம்மாத்திரம். டைல்ஸ் தரை மார்கழியில் ஐஸ் மாதிரி இருக்கும். நான் மட்டும் காலை நாற்காலிக் கம்பியின் மேல் தூக்கி வைத்துக்கொள்வேன்.

புடவைப் பகுதியில் நின்றவர் அஞ்சலை அக்கா. செந்துறைப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வருகிற பஸ் அது. வந்து இறங்கும்போது தலைமுடியில் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கும். "நரைச்சுப் போயி வரேன், சாயந்தரம் தலை சீவுனா கொமரியாயிடுவேன்" என்று சிரிப்பார். நாற்பத்து நான்கு வயது. வீட்டுக்காரர் கேரளாவில் கொத்தனார், பொங்கலுக்கு மட்டும் வருவார். ஒரே மகள் ரேவதி பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் அக்காவின் கனவு, திட்டம், வேண்டுதல் எல்லாம்.

அக்காவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. புதுச் சட்டைகளிலும் ஜாக்கெட் துணிகளிலும் குத்தியிருக்கும் குண்டூசிகள் நாள் முழுக்கத் தரையில் சிதறும். பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து எடுத்த காந்தத்தில் நாடா கட்டி வைத்திருந்தார். கடை மூடும் நேரத்தில் அதை நாய்க்குட்டியை இழுத்துப் போவது போலக் கடை முழுக்க இழுத்துக்கொண்டு போவார். காந்தம் முள்ளம்பன்றி மாதிரி ஆகிவிடும். கூட மெட்டிச் சத்தமும் கேட்கும். அந்த வேலையை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகள் காலில் குத்திவிடும் என்று அவராகவே செய்தது.

இனி என் பெருமையைச் சொல்கிறேன். அந்த வருஷம் மே மாதம் அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி நடந்தது. அக்கினி நட்சத்திர வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு ஒருவர் பேசினார். அந்தத் தைரியமே எனக்குப் பெரிய ஆளுமையாகத் தெரிந்தது. ஐந்து மணிக்கு எழுந்திரு, லட்சியத்தை எழுதி ஒட்டு, கண்ணாடியைப் பார்த்துச் சிரி என்று நிறையச் சொன்னார். ஐந்து மணிக்கு எழுந்தது இரண்டே நாள். ஆனால் ஒன்று மட்டும் பசை போட்ட மாதிரி மனதில் ஒட்டிக்கொண்டது. பணத்தை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேள்: இது தேவையா, ஆசையா? தேவை என்றால் செலவு செய். ஆசை என்றால் பையை மூடு.

முளைத்து மூன்று இலை விடாத வயதில் கையில் இப்படி ஒரு கத்தி கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா? திங்கட்கிழமையே கடையில் கோர்ட் ஆரம்பித்துவிட்டேன். நாலு மணி டீக்கு மாடிப்படிக்கு அடியில் கூடுவோம். நான் என் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் நடுவில் உட்காருவேன். மற்றவர்கள் நின்றுகொண்டே வழக்கு சொல்வார்கள். மலர் புது ஹேண்ட்பேக் வாங்கலாமா? ஜிப்தானே போயிருக்கிறது, ஜிப்பை மாற்று, பை ஆசை. நாலு மணி போண்டா? ஆசை, அதோடு உடம்புக்கும் கேடு. தலைக்குச் சாயம்? இதற்குப் பத்து நிமிஷம் விவாதம் நடந்தது. நரைமுடியோடு நின்றால் சூப்பர்வைசர் முணுமுணுக்கிறார், ஆகவே தேவை. நானே அந்த மாதம் கேமரா வைத்த செல்போன் வாங்கினேன். முன்னேற்றத்துக்கு அவசியம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

எல்லோரும் அதை ஒரு விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்கள், அஞ்சலை அக்காவைத் தவிர. அவர் போண்டாவை நிறுத்தினார், வெற்றிலையை நிறுத்தினார். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்கு ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தவர் நடக்க ஆரம்பித்தார். அந்தக் காசையெல்லாம் ரேவதிக்கென்று ஒரு டப்பாவில் போட்டு வந்தார். இரண்டே மாதத்தில் ஆள் இளைத்துவிட்டார். ஜாக்கெட்டை இரண்டு தரம் பிடித்துத் தைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காவைப் பாருங்கள், காசும் மிச்சம், உடம்பும் குறைந்தது என்று மற்றவர்களிடம் காட்டினேன். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். யாருக்குத்தான் இல்லை என்று விட்டுவிட்டேன். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் உடம்பு இளைக்கும் என்பது தெரியாது. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. கேள்வி கேட்பதுதான் என் கொள்கையே, பாருங்கள்.

ஆனி மாதக் கடைசி. ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு வந்து இறங்கியிருந்தது. அன்று டீ நேரத்தில் அக்கா வழக்கத்துக்கு மாறாகத் தயங்கிக்கொண்டு நின்றார். சூப்பர்வைசரும் அன்றைக்கு எங்கள் பக்கத்திலேயே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"பாப்பா, ஒரு வழக்கு. மெத்துன்னு ஒரு செருப்பு விக்கிறாங்களாம். வூட்டுக்குள்ளயும் போட்டுக்கலாமாம். வெலதான் கொஞ்சம் கூட. தேவையா, ஆசையா?"

இந்த இடத்தில் நான் எத்தனையோ தரம் கதையை மாற்றிப் பார்த்திருக்கிறேன். எதற்கு அக்கா, யார் சொன்னது என்று கேட்டிருக்கலாம். அவர் காலைக் குனிந்து பார்த்திருக்கலாம். நான் செய்தது வேறு. நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

"வூட்டுக்குள்ள போட ஒரு செருப்பா? மகாராணிக்கு அடுத்தது பல்லக்கு வாங்கணுமே."

எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர்கூடச் சிரித்தார். அக்காவும் சிரித்தார். "ஆசைதான் பாப்பா, எனக்கே தெரியும், சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு டீ கிளாஸைக் கழுவப் போனார். அந்த வாரம் முழுக்க எல்லோரும் அவரை மகாராணி என்றுதான் கூப்பிட்டோம்.

ஆடி பிறந்தது. நீங்கள் ஆடித் தள்ளுபடியில் துணி எடுத்திருப்பீர்கள், ஆனால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றிருக்க மாட்டீர்கள். செந்துறை, ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி என்று சுற்று வட்டாரமே கடைக்குள் இருக்கும். சாப்பாட்டுக்கு மாடியேறினால் பாதியில் கூப்பிடுவார்கள். கடை மூடியதும் அவரவர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். காந்தத்தை இழுக்க யாருக்கும் நேரமில்லை. அது மாடிப்படிக்கு அடியில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் மத்தியானம் புடவைப் பகுதியில் ஒரு அம்மாள், "ஏம்மா, ஒன் கால்ல ரத்தம் வருது பாரு" என்றார். அக்கா யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்துச் சுற்றும் முற்றும் பார்த்தார். டைல்ஸில் பூ உதிர்ந்த மாதிரி சிவப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள், அவர் நடந்த வழியெல்லாம். சூப்பர்வைசர் முதலில் புடவைகளைத்தான் தள்ளி வைத்தார். நான் மேஜை டிராயரிலிருந்து பிளாஸ்டர் எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்காவை மாடிப்படியில் உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். வலது கால் பெருவிரலுக்குக் கீழே ஒரு குண்டூசி, தலை மட்டும் வெளியே தெரிய முழுசாக உள்ளே போயிருந்தது. எவ்வளவு நேரமாக அதன்மேல் நடந்துகொண்டிருந்தாரோ. பிடித்து இழுத்தேன். அவர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

"வலிக்கலயாக்கா?"

"இல்லயே. எனக்குத் தெரியவே இல்ல பாப்பா."

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? இதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை. மனசு வலுவாக இருந்தால் உடம்புக்கு வலி தெரியாது என்று பயிற்சியில் சொன்னார்கள், உங்களுக்கு அந்த வலு வந்துவிட்டது அக்கா என்று சொன்னேன். பாராட்டினேன். அவரும் வெட்கத்தோடு சிரித்தார். பிளாஸ்டர் போட்டுவிட்டேன். அடுத்த நிமிஷம் புடவை மடிக்கப் போய்விட்டார்.

மறுநாள், ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொல்லத்தான் செய்தேன். அதை என் பேரில் ஒரு புண்ணியமாக எழுதிக்கொள்ள இத்தனை வருஷமாக முயற்சி செய்கிறேன், முடியவில்லை. ஏனென்றால் அதற்கு அக்கா சொன்ன பதில் என்னுடைய பாடம்தான்.

"ஆடில லீவு போட்டா ரெண்டு நாள் சம்பளம் புடிப்பாங்க. வலிச்சா தேவை. வலிக்கலன்னா அது ஆசைதான?"

அவர் கண்ணில் கேலி இல்லை. நல்ல மாணவி வாத்தியாரிடம் பதில் சொல்லிவிட்டுப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். பில்லுக்கு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் திரும்பிக்கொண்டேன்.

ஆடி முடிவதற்குள் அக்கா வேலைக்கு வருவது நின்றுவிட்டது. காய்ச்சல் என்றார்கள். அதே சமயத்தில் எனக்குப் பெரம்பலூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை கிடைத்தது. என் முன்னேற்றம் ஆரம்பமாகிவிட்டது, நின்று பார்க்க நேரமில்லை. புரட்டாசியில் மலர் போனில் சொன்னாள்: அக்காவுக்குப் பெருவிரலை எடுத்துவிட்டார்களாம், சர்க்கரையால் கால் மரத்துப் போயிருந்ததாம், அதனால்தான் ஊசி குத்தியது தெரியவில்லையாம். போனை வைத்த பிறகு அந்தச் செருப்பு ஞாபகம் வந்தது. வீட்டுக்குள்ளும் போடுகிற செருப்பு. ஆபீஸில் ஒருவரிடம் விசாரித்தேன். சர்க்கரைக்காரர்கள் போடுவது, திருச்சியில் ஆஸ்பத்திரிகள் இருக்கும் பக்கம் கிடைக்கும் என்றார்.

மறுநாளே போயிருக்க வேண்டும். போனது தீபாவளி கழித்து. புது வேலை, லீவு கேட்கக் கூச்சம் என்று காரணம் வைத்திருந்தேன். உண்மையான காரணம், அவர் முகத்தைப் பார்க்கப் பயம். கடைசியில் திருச்சிக்குப் போய் அந்தச் செருப்பை வாங்கினேன். விலை என் போன் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. செருப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அரியலூர் வந்து, அங்கிருந்து செந்துறை பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்கிற வாசகங்களை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கண்ணாடியைப் பார்த்துப் பேசிப் பழகச் சொல்லிக் கொடுத்திருந்தார்களே, பஸ் ஜன்னலைப் பார்த்துப் பேசினேன்.

அக்கா கூரை வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதிகமில்லை. மடியில் முறம், அதில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். "வா பாப்பா, எளச்சிட்ட" என்றார். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார் அதை. பெட்டியைத் திறந்து செருப்பை எடுத்துக் கீழே வைக்கக் குனிந்தேன். புடவைக்குக் கீழே ஒரு கால்தான் இருந்தது. விரலோடு நிற்கவில்லையாம். தஞ்சாவூரில் முழங்காலுக்குக் கீழே எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

இரண்டு செருப்பையும் கையில் வைத்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தேன். அக்கா முறத்தை இறக்கி வைத்துவிட்டு, செருப்பைக் கையில் வாங்கி, கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். பட்டுப் புடவையின் ஜரிகையைத் தடவிப் பார்க்கிற அதே கை. பிறகு இடது கால் செருப்பைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்றதை என்னிடம் நீட்டினார்.

"மெத்துன்னுதான் இருக்கு. இத நீ எடுத்துக்கிட்டுப் போயிடு பாப்பா. கடைல குடுத்துப் பாரு, பாதிக் காசாவது தருவான். இங்க வீணாத்தான கெடக்கும்."

கேலியாகச் சொன்னார் என்றால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே எனக்கு ஒரு செலவு மிச்சமாகட்டும் என்றுதான் சொன்னார். பஸ்ஸில் சேர்த்து வைத்த வாசகங்களில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. கடலையை உடைத்துக் கொடுத்தார், தின்றேன். கடைக் கதைகள் பேசினோம். காந்தத்தை இப்போது யார் இழுக்கிறார்கள் என்று கேட்டார். மலர்தான் என்று பொய் சொன்னேன்.

பஸ் ஸ்டாப் வரை ரேவதி கூட வந்தாள். அவளிடம்தான் கேட்டேன், அந்தச் செருப்பைப் பற்றி அம்மாவிடம் யார் சொன்னது என்று. செந்துறை ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னார்களாம். கால் மரத்துப் போக ஆரம்பித்துவிட்டது, வெறுங்காலோடு ஒரு அடிகூட வைக்கக் கூடாது, கடையிலும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள் என்று. கடையில் உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் நிறுத்திவிடுவார்களோ என்று அம்மாவுக்குப் பயம். அதனால்தான் சூப்பர்வைசர் முன்னால் நர்ஸ் சொன்னதைச் சொல்லவில்லை.

"ஒங்ககிட்ட கேட்டுட்டுதான் வாங்கணும்னு சொன்னிச்சுக்கா. காசு எடுத்து வச்சிருந்திச்சு. அப்புறம் வந்து, அது ஆசையாம்டி, வேணாம்னு டப்பாலயே போட்டுடுச்சு."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அந்த டப்பா தஞ்சாவூருக்குப் போய்வந்த செலவில் தீர்ந்துபோனது என்றும் சொன்னாள். பஸ் வந்துவிட்டது. அவளிடமும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால், நான் என்ன செய்தேன் என்பது அவளுக்குப் புரிந்து, என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்று பயந்தேன்.

நான்கு வருஷம் கழித்து அஞ்சலை அக்கா போய்விட்டார். அந்த நான்கு வருஷத்தில் இரண்டு தரம் பார்க்கப் போனேன். இரண்டு தரமும் பழம் வாங்கிப் போனேன், சர்க்கரைக்காரருக்கு எந்தப் பழம் ஆகும் என்று கடைக்காரரிடம் நாலு தரம் கேட்டு. சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே திரும்பினேன். ரேவதி இரண்டு வருஷம் தள்ளிப் பாலிடெக்னிக் சேர்ந்து முடித்தாள் என்று கேள்விப்பட்டேன். என் போன் மாறியபோது அவள் நம்பர் போய்விட்டது. தேடினால் கிடைக்கும்.

இப்போது நான் மகளிர் குழுக்களில் சேமிப்பைப் பற்றிப் பேசப் போய்வருகிறேன். நம்பினால் நம்புங்கள், என்னைக் கூப்பிடுகிறார்கள். உடம்புக்குச் செய்வதை முதலில் எடுத்து வையுங்கள், மீதியில் சேமியுங்கள் என்று சொல்கிறேன். வலிக்காத இடத்தையும் காட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன். சில பெண்கள் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். அவர்கள் எழுதும்போது நான் தரையைப் பார்த்துக்கொள்கிறேன். தேவையா ஆசையா என்ற கேள்வியை மட்டும் நான் யாரிடமும் சொல்வதில்லை. யாராவது எழுந்து அது தெரியுமா மேடம் என்று கேட்டால் தண்ணீர் குடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

அரியலூரில் அந்தக் கடை இருந்த இடத்தில் இன்று செல்போன் விற்கிறார்கள். மாடிப்படியை இடித்து லிப்ட் வைத்துவிட்டார்கள். காந்தம் என்ன ஆனதோ. சட்டைகளில்கூடக் குண்டூசி குறைந்துபோய் பிளாஸ்டிக் கிளிப் வந்துவிட்டது. தப்பித் தவறி ஒன்று கிடந்தால்தான் உண்டு. அன்றைக்குத் துப்பட்டாவில் குத்தி எடுத்து வந்ததை வீட்டில் ஒரு சின்ன டப்பியில் போட்டேன். அதில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

போகிக்குப் போகி வீட்டைக் காலி செய்யும்போது பீரோவுக்கு அடியிலிருந்து அந்தச் செருப்பு வெளியே வரும். ஒற்றைச் செருப்பு வீட்டில் இருக்கக் கூடாது, தூக்கிப் போடு என்று என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் சொல்கிறார். சரி என்று வாங்கித் துணியால் துடைத்துத் திரும்பவும் உள்ளே தள்ளிவிடுகிறேன். வலது கால் செருப்பு. வாங்கிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, அடியில் ஒட்டிய விலைச் சீட்டுகூட இன்னும் உரியவில்லை.